நாளைக் காலை மணி அடிப்பதற்குள்

பெற்றோரின் குறை முறையாக எழுதி, உறையில் போட்டு வருவது அபூர்வம். காலை எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில், வாட்ச்மேன் "வண்டிய எடுங்க, எடுங்க" என்று விரட்டிக்கொண்டிருக்கும்போது வரும். டைரியில் கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு வரியாக வரும். வேன் ஓட்டும் அண்ணனிடம் சொல்லி அனுப்புவார்கள். இரவு பத்து மணிக்கு வகுப்பாசிரியையின் வாட்ஸ்அப்பில் நீளமான குரல்பதிவாக வந்து விழும். வந்த விதத்தை வைத்து அதன் கனத்தை முடிவுசெய்யாதீர்கள். கோபமாக நான்கு பக்கம் எழுதிய மின்னஞ்சல் வீட்டுப்பாடம் அதிகம் என்பதாக இருக்கலாம். "பாப்பா ஸ்கூல் பாத்ரூம் போக மாட்டேங்குறா மிஸ்" என்ற டைரி வரிக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குறை உங்கள் காதுக்கு வருமுன் பெரும்பாலும் பல நாள் அந்த வீட்டிலேயே கிடந்திருக்கும். "சொன்னா பிள்ளைமேல காட்டிருவாங்க" என்று பாட்டி தடுத்திருப்பார். பிராக்டிகல் மார்க்கில் கை வைத்துவிடுவார்களோ என்று அப்பா தயங்கியிருப்பார். சொல்லாதே என்று பிள்ளையே அழுதிருக்கும். இத்தனையையும் தாண்டித்தான் அந்த அம்மா வாசலுக்கு வந்திருக்கிறார். பள்ளிக்கு அது முதல் நாள். அவருக்கு அப்படி இல்லை. "நேத்துதான சொன்னீங்க, பார்ப்போம்" என்ற பதில் அவரை அவ்வளவு காயப்படுத்துவது அதனால்தான்.

சட்டம் சொல்லும் கெடு யாருக்கு?

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 32-ஆவது பிரிவில் ஒரு காலக்கெடு இருக்கிறது. குழந்தையின் கல்வி உரிமை தொடர்பான குறையை எழுத்துமூலம் உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்தால், இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் அது முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005, அரசு அலுவலகங்களுக்குப் பொதுவாக 30 நாள் தருகிறது. உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்.

இவற்றைச் சுட்டிக்காட்டி, "சட்டமே மூணு மாசம் குடுக்குது" என்று பேசும் நிர்வாகிகள் உண்டு. அந்த மூன்று மாதம் வெளியே இருக்கும் ஓர் அமைப்பு, தனக்குத் தெரியாத ஒரு பள்ளியைப் பற்றி விசாரித்து முடிக்கத் தரப்பட்ட அவகாசம். பள்ளிக்கு அது பொருந்தாது. மூன்று மாதம் என்பது காலாண்டுத் தேர்விலிருந்து அரையாண்டுத் தேர்வு வரைக்கும். பெரிய பையன்கள் டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறார்கள் என்று சொன்ன ஆறாம் வகுப்புப் பையன் அதற்குள் மதியச் சாப்பாட்டையே விட்டிருப்பான்.

பள்ளிக்கென்று நேரடியாகச் சொல்லும் இடத்தில் இதே சட்டம் நாள் கணக்கே தரவில்லை. பிள்ளை வேறு பள்ளிக்குப் போகிறதென்றால் மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனடியாகத் தர வேண்டும், தாமதித்தால் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்கிறது 5-ஆவது பிரிவு. டி.சி. கேட்டு வந்தவரை "கரஸ்பாண்டன்ட் ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இந்தப் பிரிவை ஒருமுறை உரக்கப் படிப்பது நல்லது.

ஒரே ஒரு கேள்வி

எதற்கு எவ்வளவு நேரம் என்று நீளமான அட்டவணை போட்டுச் சுவரில் மாட்டும் பள்ளிகள் இருக்கின்றன. அட்டவணையில் தவறில்லை. ஆனால் வாசலில் நிற்கும் ஆசிரியைக்கு அது நினைவுக்கு வராது. அவர் தனக்குள் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும்: நாளைக் காலை இந்தப் பிள்ளை அதே இடத்தில், அதே ஆளோடு, அதே நிலைமையில் மாட்டுமா?

மாட்டும் என்றால் நாளைக் காலை மணி அடிப்பதற்குள் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். விசாரணை முடிந்திருக்க வேண்டியதில்லை. யார் செய்தது என்று தெரிந்திருக்கவும் வேண்டாம். நிலைமை மட்டும் மாறியிருக்க வேண்டும். மாட்டாது என்றால் அவசரமில்லை. ஒரு வாரத்துக்குள் நிதானமாகப் பார்த்துச் சரியான பதில் சொல்லலாம். மதிப்பெண் கூட்டலில் பிழை, வீட்டுப்பாட அளவு, ஆண்டு விழாவில் பெயர் விட்டுப்போனது, சீருடை அளவு இதெல்லாம் இரண்டாவது வகை. கட்டணத் தகராறும் பெரும்பாலும் அந்த வகைதான். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2009 சட்டப்படி ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் நிர்ணயக் குழு இருக்கிறது. உங்கள் பள்ளிக்கு அது நிர்ணயித்த தொகையைக் காட்டினாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் கட்டணம் கட்டவில்லை என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று ஒரு அப்பா சொன்னால் அது கட்டணக் குறையாக இருந்தது போய் முதல் வகைக்கு வந்துவிடுகிறது. நாளையும் அந்தப் பிள்ளை வெளியே நிற்கும் அல்லவா?

பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்ற குறையை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பட்டியலில் சேர்த்து, தாளாளர் ஒப்புதலுக்கு அனுப்பி, மூன்று கொட்டேஷன் வாங்கி என்று போனால் ஒரு மாதம் ஓடும். அந்த ஒரு மாதமும் எட்டாம் வகுப்புப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். போகிற வழியில் ஹார்டுவேர் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கி, மாலையே ஆளை வைத்து மாட்டிவிட்டுக் கணக்கை அப்புறம் எழுதுங்கள். இப்படிப்பட்ட செலவுக்குத் தலைமையாசிரியர் கையில் யாரிடமும் கேட்காமல் எடுக்க ஒரு சிறு தொகை இருக்க வேண்டும். கையில் காசில்லாத ஹெச்.எம்.மால் விரைவாக எதையும் செய்ய முடியாது.

கட்டடம், வண்டி, மின்சாரம், தண்ணீர்த் தொட்டி பற்றிய குறைகளுக்கு நாளைக் காலை என்ற அவகாசமும் கிடையாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். 2012 ஜூலையில் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அதே ஆண்டு தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. வண்டித் தரை ஆடுகிறது என்று ஒரு அப்பா சொன்னால் அந்த வண்டி அடுத்த டிரிப் போகக் கூடாது. ஓட்டுநர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், போன மாசம்தான் எஃப்.சி. காட்டுனோம்" என்று சொல்லத்தான் செய்வார். வண்டியை நிறுத்திவிட்டு, வேறு வண்டி ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் அவர் சொல்வதைக் கேளுங்கள். பார்த்ததில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் நஷ்டம் ஒரு நாள் வாடகை.

போலீசுக்குப் போக வேண்டிய குறை

பாலியல் தொல்லை பற்றிய குறை வந்தால் மேலே சொன்ன கேள்வியைக்கூடக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் கொடுத்தாக வேண்டும். பள்ளி முதலில் கமிட்டி போட்டு உண்மையா என்று பார்த்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று அதில் எங்கும் இல்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அதே பிரிவு பாதுகாப்புத் தருகிறது. 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கும் இந்தச் சட்டம் அப்படியே பொருந்தும். "பையன்தானே" என்று தள்ளிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை.

தாமதம் ஏன் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளியின் பெயர். அட்மிஷன் நேரம். அந்த ஆசிரியர் இருபது வருட அனுபவசாலி, ரிசல்ட் கொடுப்பவர். பல நேரம் பெற்றோரே "வெளிய தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை போயிடும் சார், நீங்களே பேசி முடிச்சிருங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களிடம் கனிவாக, ஆனால் தெளிவாகச் சொல்ல வேண்டியது இது: "அம்மா, இதை நான் மறைக்க முடியாது, சட்டம் விடாது. பிள்ளை பேரும் படமும் வெளியே வராம இருக்க சட்டமே வழி வச்சிருக்கு. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதில்லை, சீருடை இல்லாம வீட்டுக்கே வந்து கேப்பாங்க." வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரி பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டத்தில் இருப்பதுதான்.

இங்கே பள்ளி வேகமாகச் செய்யக் கூடாதவையும் உண்டு. பிள்ளையை அறைக்குக் கூப்பிட்டு ஹெச்.எம். ஒருமுறை, தாளாளர் ஒருமுறை, கவுன்சிலர் ஒருமுறை என்று கேட்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரை எதிரே நிறுத்தி "இவர்தானா, சொல்லு" என்று கேட்கவே கூடாது. பிள்ளை தானாகச் சொன்ன வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், அந்த ஆள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இல்லாதபடி அப்போதே செய்யுங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். அதற்குமேல் விசாரிப்பது உங்கள் வேலை இல்லை.

அன்றைக்கே ஒரு பதில்

மற்ற குறைகளுக்கு வருவோம். தீர்வுக்கு நாளாகலாம், கேட்டுக்கொண்டோம் என்ற பதிலுக்கு நாளாகக் கூடாது. அது பள்ளி விட்டு ஆசிரியர்கள் கிளம்புவதற்குள் போய்விட வேண்டும். "நோட் பண்ணிக்கிட்டோம், ஆக்‌ஷன் எடுக்கிறோம்" என்று அனுப்புவது பதிலில் சேராது. பந்தியில் இலையைப் போட்டுவிட்டுப் பரிமாறாமல் போவது மாதிரி அது. இப்படி எழுதலாம்:

"வணக்கம் அம்மா. இன்று காலை நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்: மதிய இடைவேளையில் பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் மகனின் டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறார்கள். நாளையிலிருந்து அந்த நேரத்தில் பி.டி. சார் வராந்தாவில் இருப்பார். மகனுக்கு விருப்பமிருந்தால் வகுப்பிலேயே நண்பர்களோடு சாப்பிடலாம், நான் அங்கே இருப்பேன். விசாரித்துவிட்டு வியாழன் மாலைக்குள் நானே உங்களுக்குப் போன் செய்கிறேன். நான் எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்."

இதில் யார் பெயரும் இல்லை, யார்மேலும் தீர்ப்பும் இல்லை. தாய் சொன்னதை ஆசிரியை சரியாகப் புரிந்துகொண்டாரா என்பது தெரிந்துவிடுகிறது. நாளைய மதியம் மாறிவிடுகிறது. எப்போது, யார் பேசுவார்கள் என்பதும் இருக்கிறது. வியாழனுக்குள் முடியாது என்று தெரிந்தால் வியாழன் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த அம்மா கேட்டு, அதற்கப்புறம் சாக்கு சொன்னால், முதல் நாள் சம்பாதித்த நம்பிக்கை மொத்தமும் போய்விடும்.

அவசர ஏற்பாட்டில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. குறை சொன்ன பிள்ளையையே இடம் மாற்றுவது. முன் பெஞ்சிலிருந்து எழுப்பி வேறு மூலையில் உட்காரவைப்பது, வேனில் வேறு ரூட்டுக்கு மாற்றுவது, இடைவேளையில் வெளியே விடாமல் ஆபீஸ் ரூமில் வைப்பது. பாதுகாப்புக்குத்தான் என்று பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அது தண்டனை, வகுப்புக்கு அது வேடிக்கை. பெரியவர் யாராவது ஒருவரை அந்த இடத்தில் நிற்க வைப்பதை முதலில் யோசியுங்கள்.

வேகமாகப் பதில் சொல்வதும் வேகமாக முடிவெடுப்பதும் ஒன்றல்ல. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவி, மாலைக்குள் நாற்பது பேர் "அந்த சாரை அனுப்புங்க" என்று நிற்கும்போது, கூட்டத்தைக் கலைக்க ஒரு ஆசிரியரைப் பலிகொடுத்துவிட்டு மறுநாள் உண்மை வேறாக இருந்தது என்று தெரியவந்தால் ஆசிரியர் அறையில் இனி எவரும் உங்களை நம்ப மாட்டார்கள். ஆசிரியர் அடித்தார் என்ற குறை வந்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடைசெய்கிறது, ஒழுங்கு நடவடிக்கைக்கும் வழி சொல்கிறது. அன்றைக்கே அந்த ஆசிரியரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், அன்றைக்கே அந்த வகுப்பில் இன்னொரு பெரியவர் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தீர்ப்பு அடுத்த வாரம் வரட்டும். அதைப்போலவே, எதிர்த்தரப்புப் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்று குறை சொன்னவரிடம் விவரிக்க வேண்டியதில்லை. அதுவும் யாரோ பெற்ற பிள்ளை. "உங்க பையனுக்கு இனிமே இது நடக்காம இருக்க இதைச் செஞ்சிருக்கோம்" என்பதுவரை போதும்.

யாருக்குச் சீக்கிரம் பதில் கிடைக்கிறது?

இதைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடித்தால் பூசி மெழுகியதாகிவிடும். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பும் ஐ.டி. கம்பெனி அப்பாவுக்கு மதியத்துக்குள் பதில் போகிறது, ஏசி அறையில் காபியோடு சந்திப்பும் கிடைக்கிறது. கட்டட வேலைக்குப் போகும் அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். "இன்னிக்கி ஹெச்.எம். மீட்டிங்ல இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்ல அலுவலகத்துக்கு ஒரு நொடி. அவருக்கு அது ஒரு நாள் கூலி. இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாவது முறை வர மாட்டார். பதிவேட்டில் அந்தக் குறை இருந்ததாகவே தெரியாது. குறைகள் குறைவாக வருகின்றன என்று பெருமைப்படும் பள்ளிகளில் இப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ.

எனவே எழுதத் தெரியாதவரிடம் "எழுதிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். அலுவலக உதவியாளரோ ஆசிரியரோ எழுதி, படித்துக் காட்டி, தேதியோடு ஒரு நகல் கொடுக்கட்டும். வேலைக்குப் போகிறவர்களைக் காலை எட்டரைக்கோ மாலை ஆறுக்குப் பிறகு போனிலோ பிடியுங்கள். திருப்பூர் போன்ற ஊர்களில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் பெற்றோர் பேசுவதை மொழிபெயர்க்க மேல்வகுப்பு மாணவனைக் கூப்பிடுவது வழக்கமாகியிருக்கிறது. காணாமல்போன டிபன் பாக்ஸுக்கு அது சரி. அடி, தொல்லை பற்றிய பேச்சுக்கு ஒரு பெரியவரைத் தேடுங்கள்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரவு பத்தரைக்கு வந்த செய்திக்கு அப்போதே பதில் வரவில்லை என்று காலையில் சண்டைக்கு வரும் பெற்றோர் இருக்கிறார்கள். ஆசிரியையின் சொந்த எண்ணைக் கொடுத்ததில் வந்த வினை இது. பள்ளிக்கென்று ஓர் எண், அதற்குப் பதில் சொல்லும் நேரம், அந்த நேரத்துக்கு வெளியே பிள்ளையின் பாதுகாப்புக்கு மட்டும் அழைக்க இன்னோர் எண் என்று ஜூன் மாத முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். ஈராசிரியர் பள்ளியில் இதெல்லாம் பகட்டாகத் தோன்றும். அங்கே ஹெச்.எம்.தான் வகுப்பாசிரியர், சத்துணவும் அவர் கண்ணில்தான், எமிஸ் பதிவும் அவர்தான். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவைப் பயன்படுத்துங்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். குடியிருப்புக்குள்ளேயே இருக்கும் ஓர் உறுப்பினர் அக்காவிடம் ஒரு தாய் சொல்வது உங்களிடம் சொல்வதைவிட எளிது.

உங்கள் பதில் போதவில்லை என்றால் எங்கே போகலாம் என்பதையும் நீங்களே அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்: வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளியென்றால் அதற்கென்று உள்ளவர்), முதன்மைக் கல்வி அலுவலர், கல்வித்துறை உதவி எண் 14417, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். புகாரை வளர்த்துவிடுவதா என்று தாளாளர் முகம் சுளிப்பார். வெளியே போகும் வழி தெரிந்த பெற்றோர் உள்ளே நிதானமாகப் பேசுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பதிவேடு

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று போதும். தேதி, யார் சொன்னார்கள், சொன்னது என்ன, அன்றைக்கே செய்தது என்ன, பதில் சொல்வதாக வாக்களித்த நாள், சொன்ன நாள். கடைசியாக ஒரு கட்டம்: இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தபோது பெற்றோர் சொன்னது. இந்தக் கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். பி.டி. சார் மூன்று நாள் வராந்தாவில் நின்றிருப்பார், நான்காம் நாள் விளையாட்டு விழா ஒத்திகைக்குப் போயிருப்பார், டிபன் பாக்ஸ் மறுபடியும் போயிருக்கும். அந்தத் தாய் இரண்டாவது முறை வாய் திறக்க மாட்டார். கேட்டால் மட்டும் சொல்வார்.

விடுமுறைக்கு முந்தைய நாள்களில் வரும் குறைகள்தான் அதிகம் தொலைந்துபோகின்றன. ஏப்ரல் கடைசியில் சொன்னால் "இனி லீவுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். நாளைக் காலை என்பது அங்கே ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். மே மாதத்தில் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் பட்டியல் போட உட்காரும்போது அந்த நோட்டை மேஜைமேல் எடுத்து வையுங்கள். யாரை யாரோடு சேர்க்கக் கூடாது, எந்தப் பிள்ளைக்கு எந்த வேன் வேண்டாம், எந்தக் குறைக்கு இன்னும் பதில் போகவில்லை என்பதைப் புது வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போடுங்கள்.